ஒரே படம், ஐந்து ஆல்பம்: சிதறிய பாட்டுகளை எந்த வழியில் ஒன்றுசேர்ப்பது?

படத்தில் மொத்தம் ஆறு பாட்டு. ஆப்பைத் திறந்தால் அதே போஸ்டரோடு ஐந்து கட்டம் வரிசையாக நிற்கிறது. நான்கில் ஆளுக்கொரு பாட்டு, ஐந்தாவதில் இரண்டு. எதைத் தட்டினாலும் ஒன்றிரண்டு பாட்டு பாடிவிட்டு அமைதியாகிவிடும், அடுத்த பாட்டுக்கு மறுபடி கையை நீட்ட வேண்டும். பழைய லேப்டாப் ஒன்றை வீட்டுக்குள்ளேயே பாட்டு சர்வராக, அதாவது போனில் இருக்கும் ஆப்புக்குப் பாட்டை அனுப்பும் கணினியாக மாற்றி, பல வருடங்களாகச் சேர்த்த சுமார் 9,000 பாட்டுகளை அதில் ஏற்றிய அன்று நான் பார்த்த காட்சி இது. ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தவரை இப்படி ஒரு தொல்லை இருப்பதே தெரியாது, ஏனென்றால் அங்கே படத்துக்கு ஒரு ஃபோல்டர், திறந்தால் ஆறு பாட்டும் இருக்கும்.

இதைச் சரிசெய்யப் பல வழி உண்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் முயன்று சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டேன். எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால் பாட்டுகள் ஏன் பிரிகின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தப்பான மருந்தைச் சாப்பிடுவோம்.

பெரும்பாலான ஆப்கள் ஓர் ஆல்பத்தை அடையாளம் காண முக்கியமாக இரண்டு விவரங்களைப் பார்க்கின்றன: ஆல்பத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் (மொத்த ஆல்பமும் யார் பெயரில் இருக்கிறது என்பது). இரண்டாவது காலியாக இருந்தால் பாட்டைப் பாடியவர் யாரோ அவரையே ஆல்பத்துக்கும் சொந்தக்காரர் ஆக்கிவிடுவது பல ஆப்களின் பழக்கம். ஒரே குழு பத்துப் பாட்டையும் பாடும் ராக் ஆல்பத்துக்கு இது சரி. நம் சினிமாவில் முதல் பாட்டு எஸ்.பி.பி., இரண்டாவது அவரும் ஜானகியும், மூன்றாவது யேசுதாஸ், நான்காவது சித்ரா என்று போகும். ஆப்பின் கணக்குப்படி அது நாலு ஆல்பம். பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் இந்த விவரங்களுக்குத்தான் டேக் என்று பெயர். எம்பி3 கோப்புகளுக்கு 1996-ல் வந்த முதல் ஐடி3 டேக் மொத்தமே 128 பைட்தான். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, இசையமைப்பாளருக்கு இடமே கிடையாது. அடுத்த பதிப்பில் இசையமைப்பாளருக்கு ஓர் இடம் கிடைத்தது, ஆனால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்று தனியாக ஒன்றை அப்போதும் யாரும் வைக்கவில்லை. வாத்தியக் குழுவின் பெயருக்காக ஒதுக்கியிருந்த இடத்தை (ஃபீல்டு என்பார்கள்) ஐடியூன்ஸ் மாதிரியான மென்பொருள்கள் இதற்கு எடுத்துக்கொள்ள, அதுவே வழக்கமாகிவிட்டது. இரவல் வாங்கிய நாற்காலி என்பதால்தான் நம்மிடம் இருக்கும் பாதிக் கோப்புகளில் அது காலியாகக் கிடக்கிறது.

இது முதல் காரணம், என் தொகுப்பில் முக்கால்வாசிச் சிதறலுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. மிச்சமிருப்பவை சில்லறைக் காரணங்கள், ஆனால் பிடிவாதமானவை. பதிவிறக்கத் தளங்கள் ஆல்பம் பெயரின் வாலில் தங்கள் முகவரியை ஒட்டியிருக்கும், அதுவும் ஆறில் நாலு பாட்டில் மட்டும். இப்போதெல்லாம் பாட்டுகள் ஒவ்வொன்றாக சிங்கிளாக வெளியாகி அப்புறம்தான் முழு ஆல்பமாக வருகின்றன, அதனால் முன்னால் வந்த பாட்டில் ஆல்பம் பெயர் என்ற இடத்தில் அந்தப் பாட்டின் முதல் வரியும் பக்கத்தில் ‘இந்தப் படத்திலிருந்து’ என்ற குறிப்பும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் இளையராஜா பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு என் ஹார்ட் டிஸ்க்கே சாட்சி, நான்கு விதம் கிடைத்தது. ரஹ்மானின் இனிஷியலுக்குப் புள்ளி வைத்தவர், வைக்காதவர், புள்ளிக்கு அப்புறம் இடம் விட்டவர், விடாதவர் என்று இன்னொரு வரிசை.

தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘தோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். த-வுக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம், அல்லது ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆக ‘சந்தோஷ் நாராயணன்’ என்று எல்லாப் பாட்டிலும் சரியாகத் தெரிந்தாலும், ஒரு பாட்டை ஒரு விசைப்பலகையிலும் மற்றதை வேறொன்றிலும் அடித்திருந்தால் இரண்டையும் சமன் செய்யத் தெரியாத ஆப்புக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வை வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஸ்ரீகாந்த் தேவா படம் ஒன்று இரண்டாக நின்றபோது, எழுத்துப்பிழையும் இல்லை, பின்னால் காலி இடமும் இல்லை, நான் ஏறக்குறைய பேய்க் கதையை நம்பும் நிலைக்குப் போய்விட்டேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, ஒன்றுமே செய்யாமல் விடுவது. கிண்டலாகச் சொல்லவில்லை. பென் டிரைவைக் காரில் சொருகிக் கேட்பவருக்கு டேக் ஒரு பொருட்டே அல்ல, பல கார் ஸ்டீரியோக்கள் ஃபோல்டரை அப்படியே காட்டிவிடும். போனிலும் விஎல்சி, பவர்ஆம்ப், மியூசிகோலெட் மூன்றிலும் ஃபோல்டர் வாரியாகப் பார்க்கலாம். படத்துக்கு ஒரு ஃபோல்டர் என்ற ஒழுங்கு ஏற்கெனவே இருந்து, கேட்பதும் ஒரே போனில்தான் என்றால், ஆல்பம் என்ற பக்கத்தையே திறக்காமல் ஃபோல்டர் பக்கத்தை முகப்பாக வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். என் சித்தப்பா அப்படித்தான் இருக்கிறார், நான் டேக் டேக் என்று பேசும்போதெல்லாம் பரிதாபமாகப் பார்ப்பார். குறை என்னவென்றால், ‘யுவன் இசையில் என்னவெல்லாம் இருக்கிறது’ என்று தேட முடியாது. பாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது உங்கள் நினைவில் இருக்க வேண்டும். 500 பாட்டு வரை நினைவு தாங்கும், 5,000 என்றால் தாங்காது.

இரண்டாவது, ஆப்புக்குள்ளேயே ஒட்டவைப்பது. பிளெக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் சிதறிய ஆல்பங்களைத் தேர்ந்தெடுத்து ‘மெர்ஜ்’ கொடுத்தால் ஒன்றாகிவிடும், பிடிக்கவில்லையென்றால் பிரிக்கவும் முடியும். பத்து நொடி வேலை, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்தச் சேர்க்கை ஆப்பின் டேட்டாபேஸில் மட்டும் இருக்கிறது, பாட்டுக் கோப்புக்கு அது தெரியவே தெரியாது. நான் ஒரு காலத்தில் வைத்திருந்த ஆப் ஒன்றில் (பெயர் வேண்டாம்) இப்படி ஏறக்குறைய 200 படங்களை இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சேர்த்தேன், அப்புறம் ஒருநாள் டேட்டாபேஸ் கெட்டுப்போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஸ்கேன் செய்யச் சொன்னது. 200 படமும் பழையபடி ஆயிரம் துண்டு. அன்றிலிருந்து எனக்கு இந்த வழி மேல் நம்பிக்கை போய்விட்டது. பத்து இருபது ஆல்பம்தான் சிதறியிருக்கிறது, வேறு ஆப்புக்கு மாறும் எண்ணமும் இல்லை என்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

ஆப்பிளின் மியூசிக் ஆப் (பழைய ஐடியூன்ஸ்) மட்டும் இதில் வேறு ரகம். உங்கள் கணினியில் இருக்கும் எம்பி3 பாட்டுகள் ஆறையும் தேர்ந்தெடுத்து ‘கெட் இன்ஃபோ’ போய் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டை நிரப்பினால் அது கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். மேக் வைத்திருப்பவர்கள் வேறு மென்பொருள் தேட அவசியம் இல்லை. அதே பக்கத்தில் ‘பல கலைஞர்களின் தொகுப்பு’ என்று ஒரு டிக் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது, கோப்பிலேயே கையால் திருத்துவது. விண்டோஸில் எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருள், காசு கிடையாது. மேக் பதிப்புக்குக் காசு உண்டு. லினக்ஸ்காரர்கள் கிட்3 எடுத்துக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்பி3டேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது நோயைக் கண்டுபிடிக்கும் வசதி. ஒரு படத்தின் பாட்டுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்ததும் இடப்பக்கம் எல்லா ஃபீல்டும் தெரியும். எல்லாப் பாட்டிலும் ஒரே விவரம் இருந்தால் அது தெரியும், வேறுபட்டால் ‘கீப்’ என்று மட்டும் காட்டும். ஆல்பம் என்ற இடத்தில் ‘கீப்’ வந்தால் சிக்கல் அங்கேதான். பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால் என்னென்ன பெயர்கள் கலந்திருக்கின்றன என்று பட்டியல் விழும். ஒரே பெயர் இரண்டு முறை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, வாலில் ஒரு காலி இடமோ, மேலே சொன்ன ‘தோ’ மாதிரி எழுத்து வேடிக்கையோ. எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த நிலையிலேயே பெயரை ஒருமுறை புதிதாக அடித்துச் சேமியுங்கள். ஆறு பாட்டிலும் ஒரே பைட்டுகள் போய் உட்கார்ந்துவிடும். ஆராய்ச்சி வேண்டாம்.

ஆனால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் எந்தப் பெயரைப் போடுவது? நிறையப் பேர் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் இது. ஒரு கட்சி ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ (பல கலைஞர்கள்) என்று போட்டுவிடு என்கும். ஆல்பம் ஒன்றுசேரும், சந்தேகமில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டு கேட்பவரின் தொகுப்பில் முக்கால்வாசி சினிமாதான் என்பதால், கலைஞர்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால் 600 படமும் ஒரே குவியலாக விழும், அறுபதுகளின் மெல்லிசையும் போன மாதத்துக் குத்துப்பாட்டும் அகர வரிசையில் பக்கத்தில் பக்கத்தில். இன்னொரு கட்சி அந்த ‘தொகுப்பு’ டிக்கைப் போடச் சொல்லும். அதை மதிக்கிற ஆப்களில் இதுவும் ஏறக்குறைய அதே விளைவுதான், மதிக்காத ஆப்களில் ஒன்றுமே நடக்காது. படத்தின் பெயரையே ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்திலும் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கலைஞர்கள் பட்டியல் முழுக்கப் படப் பெயராகிவிடும், அப்படிச் செய்வதற்குப் பேசாமல் ஃபோல்டரே மேல்.

நான் இசையமைப்பாளர் பெயரைத்தான் போடுகிறேன். நம் ஊரில் பாட்டை நினைவு வைத்திருப்பதே அப்படித்தான், ‘ராஜா பாட்டு’, ‘ரஹ்மான் பாட்டு’ என்று. கலைஞர்கள் பக்கத்தைத் திறந்தால் இசையமைப்பாளர் பெயர், அதற்குள் அவர் படங்கள் வருட வாரியாக. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சிக்கலே இல்லை என்று சொல்லமாட்டேன். எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் 1965 வரை இரட்டையராக இசையமைத்தார்கள், அப்புறம் பிரிந்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்ததை ‘விஸ்வநாதன்-ராமமூர்த்தி’ என்று தனிப் பெயராகவே வைத்திருக்கிறேன், எம்.எஸ்.வி. தனியாகச் செய்தது தனி. இரண்டையும் எம்.எஸ்.வி. பெயரில் கொட்டினால் தேடச் சுலபம்தான், ஆனால் ராமமூர்த்தியை அழிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒரே படத்துக்கு மூன்று நாலு பேர் இசையமைத்திருந்தால் அங்கே மட்டும் ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ போடுகிறேன். ‘எஸ்.பி.பி. ஹிட்ஸ்’ மாதிரியான தொகுப்புகளுக்குப் பாடகர் பெயர். ஐயப்பன் பாட்டுத் தொகுப்பில் ஆளுக்கொரு பாட்டு இருந்தால் அதற்கும் ‘வேரியஸ்’. கர்நாடகக் கச்சேரி என்றால் பிரதானக் கலைஞர், வயலின் மிருதங்கம் எல்லாம் வேறு ஃபீல்டில்.

ஒரு எச்சரிக்கை, நானே பட்டது. ஆரம்பத்தில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டுக்கும் வெறும் ஆர்ட்டிஸ்ட்டுக்கும் வித்தியாசம் புரியாமல், சுமார் 300 பாட்டில் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரை அடித்துச் சேமித்துவிட்டேன். ஆல்பங்கள் அழகாக ஒன்றுசேர்ந்தன. யார் பாடியது என்ற விவரம் மொத்தமாகப் போய்விட்டது. எஸ்.பி.பி., ஜானகி எல்லாம் காதுக்கே தெரியும், பரவாயில்லை. தொண்ணூறுகளில் இரண்டு பாட்டு பாடிவிட்டுக் காணாமல் போன குரல்களை நான் எங்கே போய்த் தேடுவது? டேக் எழுதும் முன்னால் முழுத் தொகுப்பையும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான். பாடியவர் இருக்கும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள்.

9,000 பாட்டையும் படம் படமாகத் திருத்த முடியுமா என்றால், அவசியமில்லை. தமிழ்ப் பாட்டுக் கோப்புகளில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருந்தாலும் கம்போசர் (இசையமைப்பாளர்) என்ற இடம் பல சமயம் நிரம்பியிருக்கும். எம்பி3டேக்கில் ‘ஆக்‌ஷன்’ என்று ஒரு வசதி உண்டு, அதில் ஒரு ஃபீல்டில் இருப்பதை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்து எழுதச் சொல்லலாம். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இல்லாத பாட்டுகளை மட்டும் வடிகட்டி, அவற்றில் கம்போசரை அங்கே எடுத்து எழுதச் சொன்னேன். ஒரு டீ குடித்து வருவதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஃபோல்டர்களை இசையமைப்பாளர், அதற்குள் படம் என்று அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், ஃபோல்டர் பெயரையே டேக்காக மாற்றிவிடலாம். மீதியைத்தான் கையால் செய்ய வேண்டியிருந்தது, அதற்கு நாலைந்து வார இறுதி ஆனது, பாட்டு கேட்டுக்கொண்டே செய்ததால் பெரிதாக அலுக்கவில்லை.

நான்காவது வழி, தானாகச் செய்யும் மென்பொருள்கள். மியூசிக்பிரைன்ஸ் என்ற பொது டேட்டாபேஸ் இருக்கிறது, தன்னார்வலர்கள் நிரப்புவது, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அதிலிருந்து விவரத்தை இழுத்து உங்கள் கோப்பில் எழுதுவது பிகார்ட், அதையே கட்டளை வரியில், அதாவது பட்டன்கள் இல்லாமல் கட்டளைகளை அடித்துச் செய்வது பீட்ஸ். இரண்டும் இலவசம், இரண்டுமே கெட்டிக்கார மென்பொருள்கள். ஆங்கில ஆல்பங்கள் நிறைய இருந்தால் யோசிக்காமல் இதற்குப் போய்விடுங்கள், கையால் செய்வது வீண்வேலை. தமிழுக்கு வந்தால் கதை மாறுகிறது. எல்லாப் படமும் அங்கே ஏறியிருக்கவில்லை, ஏறியவற்றிலும் பெயர் சிலவற்றில் தமிழில், சிலவற்றில் ஆங்கிலத்தில்.

பிகார்டில் ஒரு பொறி உண்டு. ‘ஸ்கேன்’ என்ற பட்டன் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகக் காது கொடுத்துக் கேட்டு, அதாவது ஒலி ரேகையை வைத்து, எந்த வெளியீட்டில் அது இருக்கிறது என்று தேடும். பிரபலமான ராஜா பாட்டு ஒன்று அசல் படத்திலும் இருக்கும், ‘ஹிட்ஸ்’ தொகுப்புகள் பலவற்றிலும் இருக்கும். முதல் பாட்டு அசல் படத்துக்கும், இரண்டாவது ஏதோ காதல் பாட்டுத் தொகுப்புக்கும், மூன்றாவது வேறெங்கோ போய்ச் சேர்ந்தால் சிதறல் குறையாது, கூடும். ஆறு பாட்டையும் முதலில் ‘கிளஸ்டர்’ போட்டு ஒரு மூட்டையாக்கி, மூட்டைக்கு ‘லுக்கப்’ கொடுப்பதுதான் பாதுகாப்பு. அமைப்புகளில் தொகுப்புகளைவிட முழு ஆல்பத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லவும் முடியும், அதையும் செய்துவிடுங்கள். இது தெரியாமல் தானியங்கி மென்பொருள் ஒன்றின் கையில் முழுத் தொகுப்பையும் ஒரே ராத்திரி ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போனவன் நான். காலையில் எழுந்து பார்த்தபோது எண்பதுகளின் படங்கள் பல இருந்த இடம் தெரியவில்லை, நான் கேள்வியே படாத தொகுப்புகளின் பெயரில் ஆளுக்கொரு பாட்டாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. தப்பு மென்பொருள் மேல் இல்லை, எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று படிக்காத என் மேல்தான்.

இதில் கண்ணுக்குத் தெரியாத பின்விளைவு ஒன்றும் உண்டு. இந்த மென்பொருள்கள் ஒவ்வொரு கோப்பிலும் மியூசிக்பிரைன்ஸின் வெளியீட்டு அடையாள எண்ணை எழுதிவைக்கும். சில சர்வர்கள் ஆல்பம் பெயரைவிட அந்த எண்ணைத்தான் முதலில் நம்பும். நாலு பாட்டில் ஒரு எண், இரண்டு பாட்டில் வேறு எண் என்றால், நீங்கள் ஆல்பம் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இரண்டையும் எவ்வளவு ஒழுங்காகத் திருத்தினாலும் அது இரண்டாகவேதான் நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டாத ஆல்பத்தில் அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்.

பீட்ஸ் பற்றி ஒரு வரி: அது ஒரு ஃபோல்டரை ஓர் ஆல்பமாக எடுத்துக்கொள்ளும், சந்தேகம் வந்தால் நம்மிடம் கேட்கும், ‘இருப்பது இருந்தபடியே’ விடவும் முடியும். படத்துக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குணம் பொருந்தும். ஆனால் கட்டளை வரியைக் கண்டால் ஒதுங்குபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், அப்புறம் அதன் அமைப்பை மாற்றாமல் விட்டால் கோப்புகளைத் தன் ஃபோல்டருக்குப் பிரதி எடுக்கும் என்பதால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, டேக்கைத் தொடாமல் சர்வரின் விதியை மாற்றுவது. ஜெல்லிஃபின் என்ற சர்வர் மென்பொருள் ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்றே எதிர்பார்க்கிறது, ஆகவே ஃபோல்டர் ஒழுங்கு இருக்கிறவர்களுக்கு அங்கே சிதறல் குறைவு. நாவிட்ரோம் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் நேர் எதிர், டேக்தான் வேதம். ஆனால் 2025-ல் வந்த 0.55 பதிப்பிலிருந்து எதையெல்லாம் வைத்து ஆல்பத்தை அடையாளம் காண வேண்டும் என்பதை நாமே அமைப்புக் கோப்பில் எழுதலாம், ‘ஃபோல்டர்’ என்று எழுதினால் ஒரு ஃபோல்டரில் இருப்பதெல்லாம் ஓர் ஆல்பம். ஒரே ஒரு வரி மாற்றம், 9,000 பாட்டும் ஸ்கேன் முடிந்ததும் ஒழுங்காக நிற்கும். சொல்லப்போனால் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. ஆனால் இந்தச் சேர்க்கையும் சர்வரோடு தங்கிவிடும். பாட்டைப் போனுக்கு இறக்கி வேறு ஆப்பில் போட்டால் மறுபடி துண்டு துண்டு. அதோடு இது ஆல்பத்தை ஒட்டுமே தவிர, கலைஞர்கள் பக்கத்தில் யார் பெயருக்குக் கீழே அது போக வேண்டும் என்பதைத் தீர்க்காது. சோம்பேறித்தனமான நாளில் தற்காலிகக் கட்டு என்ற அளவில் நல்ல வழி.

நேர் எதிர்த் தொல்லை ஒன்றையும் சொல்லாமல் விட்டால் பின்னால் திட்டுவீர்கள். எல்லாவற்றுக்கும் ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ போட்டவர்களுக்கு வரும் கேடு இது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று 1965-ல் ஒரு படம், 2010-ல் ஒரு படம். முன்னதற்கு இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பின்னதற்கு ஜி.வி. பிரகாஷ் குமார். ஆல்பம் பெயரும் ஒன்று, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டும் ஒன்று என்றால், தேதியைப் பார்க்காத ஆப்பில் இரண்டும் ஒரே ஆல்பமாகக் கலந்து, எம்.ஜி.ஆர். பாட்டுக்கு அடுத்து செல்வராகவன் படப் பாட்டு வரும். இசையமைப்பாளர் பெயர் போட்டிருந்தால் இது நடக்காது. நடக்கச் சாத்தியமுள்ள படங்களுக்கு நான் வருடத்தையும் ஆல்பம் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுகிறேன், பழைய பெயரில் புதுப் படம் எடுப்பதை நம் ஆட்கள் நிறுத்துவதாகத் தெரியவில்லை. வருடம் என்றதும் இன்னொன்று: வருட ஃபீல்டில் ஒரு பாட்டுக்கு வெறும் வருடம், இன்னொன்றுக்கு முழுத் தேதி என்று இருந்தாலும் தேதியைப் பார்க்கிற சர்வர்களில் ஆல்பம் பிரியலாம், முக்கியமாக சிங்கிளாக முன்னால் வந்த பாட்டுகளில். அதையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

ஆக, 500 பாட்டு, ஒரு போன் என்றால் ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பெரிய தொகுப்பு என்றால் ஆங்கிலத்தை பிகார்டிடம் கொடுத்துவிட்டுத் தமிழை எம்பி3டேக்கில் நீங்களே பாருங்கள், இரண்டையும் வேறு வேறு ஃபோல்டரில் வைத்துக்கொண்டால் ஒன்று மற்றதைக் கெடுக்காது. இன்றைக்கே ஒழுங்காகத் தெரிய வேண்டும், டேக் எழுத நேரமில்லை என்பவர்கள் சர்வர் விதியை மாற்றிவிட்டு, டேக்கை வாரத்துக்குப் பத்துப் படம் என்று மெதுவாகச் செய்யலாம். ஆப்புக்குள் ஒட்டுவதைக் கடைசியில் வையுங்கள். எந்த வழியானாலும் ஒன்று: ஆல்பத்தின் விவரம் மாறியதும் சில சர்வர்கள் அதைப் புது ஆல்பமாக நினைத்து, நீங்கள் கொடுத்த நட்சத்திரங்களையும் எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கையும் விட்டுவிடும். அது முக்கியம் என்றால் முதலில் ஒரே ஒரு படத்தைத் திருத்தி என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வரும் பாட்டை நேராகத் தொகுப்புக்குள் விடுவதில்லை இப்போது. ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர், அதில் விழுந்ததை எம்பி3டேக்கில் ஒருமுறை பார்த்து, ஆல்பம் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், வருடம் மூன்றும் ஒழுங்கானதும்தான் உள்ளே. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

என் தொகுப்பில் இந்த விதி எதற்கும் அடங்காமல் நான் விட்டுவைத்தது ஒன்றே ஒன்று. அப்பாவின் கேசட், ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறு படம், அந்தக் காலத்தில் பல கேசட்டுகள் அப்படித்தான் வந்தன. எம்பி3யாக மாற்றி, முறைப்படி இரண்டு ஆல்பமாகப் பிரித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து அப்பா வந்து, ‘நாலாவது பாட்டு முடிஞ்சதும் அந்த இன்னொரு படத்துப் பாட்டு வரணுமேடா, ஏன் நின்னுபோச்சு’ என்றார். திரும்பவும் எட்டுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, ஆல்பம் பெயரில் கேசட் அட்டையில் அவர் பேனாவால் எழுதியிருந்ததையே அடித்தேன். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் ‘அப்பா’ என்று போட்டிருக்கிறேன்.